ஞாயிற்றுக்கிழமை எடுத்த கணக்கு

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மாநகராட்சி உதவி ஆணையர், பொறியாளர், எங்கள் பிரிவுத் தலைவர் நிர்மலா மேடம், ஆண்கள் தங்கும் காப்பகத்தை நடத்துகிற அந்தோணி அண்ணன், பள்ளிக்கூடத் தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், குறிப்பெடுக்க நான். வராதவர் ஒருவர்தான். பேச்சியம்மாள். அவரைக் கூப்பிடச் சொன்னது மேடம். சில நாட்களுக்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

"என்னைக்கு தம்பி கூட்டம்?" என்று கேட்டார்.

"புதன்கிழமைங்கம்மா. காலைல பதினோரு மணிக்கு."

"புதன்கிழமை ஷிப்டுல்லா? ஞாயித்துக்கிழமைன்னா வாரேன்."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்குமுங்க."

"அப்ப நீங்களும் எங்க மொதலாளி மாதிரிதானா?" என்று சிரித்தார். அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கென்று ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். கூட்டம் முடியும்வரை அது காலியாகவே இருந்தது.

கூட்டம் ஒரு கதவைப் பற்றியது. மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றைப் பெண்கள் தங்கும் காப்பகமாக மாற்றிக்கொண்டிருந்தோம். அதன் மூலையில் இருக்கும் ஓர் அறைக்குத் தனியாக வெளிவாசல் வைக்கலாமா கூடாதா என்பதுதான் விவாதம். வாசல் வைத்தால் பேச்சியம்மாளின் கணவர் சுடலைமுத்துவுக்குக் கண் ஆபரேஷன் நடக்கும். வைக்காவிட்டால் நடக்காது. ஒரு மனிதருடைய பார்வை எப்படி ஒரு கதவில் வந்து நின்றது என்பதைப் புரியவைக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இதை எழுதச் சொன்னவர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும் களப்பணியாளர்கள். இப்போது வீடில்லாதவர்கள் கணக்கெடுப்பு செல்போன் செயலியில் நடக்கிறது. அதில் முதல் கேள்வி "சொந்த வீடு உள்ளதா?" என்பது. ஆம் என்று தொட்டால் அடுத்த பக்கம் திறக்காது. "அண்ணா, பிளாட்பாரத்துல படுத்திருக்கிறவங்ககூட ஆமாங்கறாங்க. என்னதான் பண்றது?" என்று ஒரு பெண் போன் செய்து கேட்டார். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை.

முப்பத்து நான்கு வயதில் ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒப்பந்தம் முடிவதுதான் ஓய்வு. பென்ஷன் கிடையாது. எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உதவித்தொகையில் கோவையில் சமூகப்பணி படித்தேன். வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யப்போகிறேன் என்று சொன்னபோது, "அதுக்குப் படிப்பு எதுக்குடா?" என்று அப்பா கேட்டார். பயிற்சி என்பது ஏசி அறையில் படக்காட்சியும் மதியம் தக்காளி சாதமும்தான். ஒருவருக்கு எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கட்டிடங்கள் தனித்தனி. அதெல்லாம் நல்ல விதிகள்தான். வேலையைக் கற்றுக்கொடுத்தது நிர்மலா மேடம்.

மேடத்திடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. எந்தத் திட்டத்தைக் கொண்டுபோனாலும் முதலில் அவர் கேட்பது "யாருக்கு?" என்றுதான். பயனாளிகளுக்கு என்று சொன்னால் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பேரு சொல்லு குமரேசா. ஒரு பேராச்சும் சொல்லு" என்பார். ஒரு பேர் சொன்ன பிறகுதான் பேனாவை எடுப்பார். அன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று அர்த்தமில்லை. பேனாவை எடுப்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது பழக்கம், கட்டிடம் பார்க்கப் போனால் தரையில் படுத்துப் பார்ப்பது. கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சேலை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, "டாய்லெட் நாத்தம் இங்க வருது" என்பார். புரண்டு படுத்து, "தெரு லைட் நேரா மூஞ்சியில அடிக்கும், ஜன்னலுக்குத் துணி போடணும்" என்பார். ஒப்பந்தக்காரர்கள் அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். பிறகு என்னையும் படுக்கச் சொல்வார். ஐந்தடி இடத்தில் ஆறடி ஆள் எப்படிக் காலை மடக்க வேண்டும் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

தெருவில் படுத்திருப்பவரிடம் பேசவும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தலைமாட்டில் நிற்கக் கூடாது. தொட்டு எழுப்பக் கூடாது. கால்பக்கம், கை எட்டாத தூரத்தில், தரையில் உட்கார வேண்டும். அவர்களாகப் பார்க்கிறவரை காத்திருக்க வேண்டும். பேனாவும் அட்டையும் பையிலேயே இருக்க வேண்டும். முதல் பேச்சு தண்ணீரைப் பற்றியதாக இருக்கலாம்: இங்கே குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று நாம்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு விஷயத்தில் அவர்கள் நமக்கு உதவி செய்த பிறகு மற்றதைப் பேசலாம்.

இவ்வளவு தெரிந்தும் எங்கள் முதல் கணக்கு தப்பாகத்தான் வந்தது. அதைப் புதன்கிழமை எடுத்தோம். அலுவலக நாள், வண்டி கிடைக்கும், எல்லாரும் வருவார்கள் என்பதுதான் காரணம். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மேம்பாலத்தடி, கோயில் வாசல் எல்லா இடத்தையும் சுற்றினோம். ஒரே தாளில் கணக்கு முடிந்துவிட்டது. திருப்பூரில் ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்குச் சிறியதாக ஒன்று போதும் என்று உதவி ஆணையர் குறிப்பு எழுதினார். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது சரியான குறிப்புதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்குச் சுடிதார் எடுக்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். நல்ல மதிய நேரம். மேம்பாலத்தின் நிழலில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். புதன்கிழமை நான் அதே இடத்தில் நின்றபோது இரண்டே பேர்தான் இருந்தார்கள். துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் இருந்த கணவன் மனைவியின் கால்பக்கம் உட்கார்ந்தேன். அந்த மனிதர் தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, யாரோ வந்து உக்காந்திருக்காவ."

"போலீசுன்னா நின்னுக்கிட்டே பேசுவாவ. இது உக்காந்துருக்கு. ஆபீசு ஆளா இருக்கும்" என்றார் மனைவி.

குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். டீக்கடைக் குழாயைக் காட்டினார். "கேட்டுட்டுப் பிடி. கேக்காமப் பிடிச்சா அந்த ஆளு கத்துவான்."

"அய்யாவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

"வெளிச்சம் தெரியும்" என்றார் கணவர். "நீ வெள்ளைச் சட்டைதான போட்டுருக்க?"

"நீலமுங்க."

"அப்பத் தெரியல."

அவர்கள் இருவரும்தான் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும். ஊர் சங்கரன்கோயில் பக்கம். அவர் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். தைத்து முடித்த பனியன்களைத் தேய்த்து மடிக்கிற வேலை. கண் மங்கத் தொடங்கியதும் இரண்டு முறை துணியைக் கருக்கிவிட்டார், வேலை போய்விட்டது. பேச்சியம்மாள் பிசிறு வெட்டுகிறார். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை அது.

படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன். "உங்களுக்கு ஊடு இருக்குதுங்களா?"

"இருக்கே. ஓட்டு வீடு. போன மழையில ஒரு பக்கம் உக்காந்துட்டு. இவரு தம்பி அதுல ஆடு கட்டுதான்." பேச்சியம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏ தம்பி, எங்களப் பாத்தா வீடு வாசல் இல்லாத ஆளுக மாதிரியா தெரியுது?"

அந்தக் கேள்வி ஏன் பயன்படாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிழைக்க வந்தவர்களிடம் வீடு இருக்கிறதா என்று கேட்டால் அது ஊரைப் பற்றிய கேள்வி, குலத்தைப் பற்றிய கேள்வி. இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு மாதிரி கேட்டேன்.

"நேத்து எங்கம்மா படுத்தீங்க?"

"இங்கனதான்."

"அதுக்கு முந்தின நாளு?"

"கம்பெனியில."

"நாளைக்கு?"

"கம்பெனியில. நாளைக்குத் திங்கக்கெழமைல்லா?"

அவர் வேலை பார்த்தது, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஜாப் ஒர்க் கம்பெனி. வார நாட்களில் இரவு அங்கேயே, கட்டிங் மேசைக்கு அடியில், இருவரும் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் எழுந்து கூட்டிப் பெருக்கிவைப்பார் பேச்சியம்மாள். முதலாளிக்கு இரவுக் காவலுக்கு ஆள் ஆயிற்று, இவர்களுக்கு வாடகை மிச்சம். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் இவர்கள் மேம்பாலத்தடியில் இருந்தார்கள். வரிசையில் படுத்திருந்த மற்றவர்களில் பலரும் அப்படியே.

அந்த முதலாளியைப் பிறகு போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. "பூட்டித்தானுங்க ஆகோணும். சரக்கு என்னுது இல்லீங்க, எக்ஸ்போர்ட்காரனுது. லீவு நாள்ல உள்ள ஆள் இருந்து ஒரு பீடியைப் பத்த வச்சாக்கூட முடிஞ்சுது என்ற பொழப்பு" என்றார்.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்ப இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒரு ஜனத்தொகை இருக்குது" என்றார். அடுத்த ஞாயிறே மறுபடி கணக்கு எடுத்தோம். வண்டி இல்லை, சொந்த ஸ்கூட்டர்தான். வீடு பற்றிய கேள்வியை அடித்துவிட்டு நேற்று, முந்தாநாள், நாளை என்ற மூன்றை மட்டும் கேட்டோம். கொண்டுபோன தாள்கள் போதவில்லை. பின்பக்கமும் எழுதினோம். அந்தக் கணக்கால்தான் பெண்கள் காப்பகத்துக்குப் பழைய பள்ளிக்கூடம் முழுவதும் கிடைத்தது, ஆண்கள் காப்பகத்துக்கு ஒரு மாடி கூடியது.

புதிதாக வந்தவர்களுக்கு இதுவரை சொன்னதே போதும். ஆனால் கணக்கு சரியாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

சுடலைமுத்துவை நான்தான் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பேச்சியம்மாளும் ஒரு பொழுது விடுப்புப் போட்டு வந்தார். வலது கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, சீக்கிரம் எடுத்தால் பார்வை வரும், தள்ளிப்போட்டால் இதுவும் போய்விடும். ஆபரேஷன் இலவசம்.

"எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பனியன் கம்பெனியில டாக்டரம்மா" என்றார் பேச்சியம்மாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அங்க பூரா பஞ்சு பறக்குமே. ஆபரேஷன் பண்ணின கண்ணை வச்சுக்கிட்டு அதுக்குள்ள எப்படி இருப்பாரு? ஒரு மாசமாவது தூசி இல்லாத இடத்துல இருக்கணும். ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. விடுறவங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு விடணும். இடம் எங்கன்னு வந்து சொல்லுங்க, அன்னைக்குத் தேதி தர்றேன்."

தூசி இல்லாத இடம் எங்களிடம் இரண்டு இருந்தன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் காப்பகம், இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில் ஒரு பகுதி திறந்துவிட்டிருந்த பெண்கள் காப்பகம். அந்தோணி அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். அவரும் தெற்கத்திக்காரர், நாசரேத் பக்கம்.

"அண்ணாச்சிய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. ராசா மாதிரி பாத்துக்கிடுதேன்" என்றார்.

"சொட்டு மருந்து யாரு விடுவா? நீரா?" என்றார் பேச்சியம்மாள்.

"எங்க ஆளுக விடுவாங்க."

"நாலு நேரமும் கையக் கழுவிட்டா? ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா எந்தப் பக்கம் திரும்பணும்னு யாரு சொல்லுவா? இவரு வாயத் திறந்து கேக்க மாட்டாரு. சுவத்தத் தடவிக்கிட்டே போயி எவன் மேலயாவது விழுவாரு."

"எனக்கு இவ குரலு கேக்காமத் தூக்கம் வராது" என்றார் சுடலைமுத்து.

"ஏசுறது கேக்காமன்னு சொல்லும்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பேச்சியம்மாள் சொன்னதில் தப்பில்லை. அந்தோணி அண்ணனிடம் இரவில் இருப்பது ஒரே காவலாளி. ஆண்கள் காப்பகத்தில் பெண்கள் வாசல்படிவரைதான் வரலாம். பெண்கள் காப்பகத்தில் ஆண்கள் வெளிக்கதவுவரைதான். அந்த விதியைத் தளர்த்தும்படி நானே கேட்க மாட்டேன். எத்தனை பெண்கள் அந்த ஒரு விதியை நம்பி உள்ளே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வழக்கம்போல ஒவ்வொரு அறையாகப் படுத்துப் பார்த்தார். மூலையில் தலைமையாசிரியர் அறை இருந்தது. அங்கே வெகுநேரம் படுத்திருந்தார். "ரெண்டு பேரு படுக்கலாம். காத்து வருது. பின்னாடியே ஒரு டாய்லெட் இருக்குது" என்றார். சிக்கல் கதவில்தான். அந்த அறைக்கு இருந்த ஒரே கதவு பெண்கள் படுக்கும் பெரிய கூடத்துக்குள் திறந்தது. அதை நிரந்தரமாக அடைத்துவிட்டு, வெளிச்சுவரில் தனி வாசல் வைத்தால் அது கணவன் மனைவிக்கான அறையாகிவிடும். இந்த ஊரில் அப்படி ஓர் அறை அதுவரை எங்கும் இல்லை.

இனி அந்தப் புதன்கிழமைக் கூட்டம். பொறியாளர் வரைபடத்தை மேசையில் விரித்தார். "பழைய கருங்கல் சுவருங்க மேடம். இதுல புதுசா வாசல் வெட்டணும்னா மேல சுமை தாங்க லிண்டல் போடணும். எஸ்டிமேட், டெண்டர், அனுமதி எல்லாம் இருக்கு. சும்மா கடப்பாரையை எடுத்துட்டுப் போயிர முடியாது."

"குடும்பங்களுக்குன்னு தனிக் காப்பகம் அடுத்த திட்டத்துல வருது" என்றார் உதவி ஆணையர். "அதுல சேத்துக்கலாமே?"

"யாருக்குங்க சார்?" என்றார் மேடம். "இவருக்குக் கண்ணு அதுவரைக்கும் இருக்காதுங்க."

சங்கச் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. புருசன் பொண்டாட்டின்னு எவன் வேணும்னாலும் சொல்லிட்டு வருவான். நாங்க வயசுப் புள்ளைகளை வெச்சிருக்கறமுங்க."

"கல்யாண சர்டிபிகேட் கேட்டு வாங்கிக்கலாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாங்க, அது நல்லது."

"உங்ககிட்ட இருக்குதுங்களா?"

செயலாளர் கையை விரித்தார். "எங்க காலத்துல ஏதுங்க அதெல்லாம்?"

"அவங்களும் உங்க காலந்தானுங்க" என்றார் மேடம். அந்தோணி அண்ணன் குனிந்து தன் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று உதவி ஆணையர் கூட்டத்தை முடித்தார். அவர் எழுந்தபோது, "ஞாயித்துக்கிழமை போலாங்களா சார்?" என்றார் மேடம்.

"ஞாயித்துக்கிழமையா?"

"அன்னைக்குத்தானுங்க அவங்களுக்கு லீவு."

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஞாயிறு காலை, சினிமாவுக்குக் கிளம்பியவர் மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். திருப்பூர் பனியன்தான், கழுத்துப்பட்டை கோணியிருந்தது. பேச்சியம்மாளுடைய சேலையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு சுடலைமுத்து பின்னால் வந்தார். நடக்கும்போது அவர்கள் எப்போதும் அப்படித்தான் வருவார்கள். சுடலைமுத்து ஒரு பக்கம் இழுத்தால் பேச்சியம்மாள் நின்றுவிடுவார்.

உதவி ஆணையர் மரியாதையாகத்தான் கேட்டார். "ஏம்மா, ஒரு மாசந்தானே? ரெண்டு இல்லமும் ரொம்பத் தூரமில்ல. தனித்தனியா இருந்துக்க முடியாதா?"

"அய்யா, கோவிச்சுக்கிடாதீரும். ஆம்பளைக இல்லத்துல எனக்கு வாசப்படி வரைக்கும்தான் பெர்மிசன். அங்கன நின்னுக்கிட்டு இவரு கண்ணுல நான் எப்படி மருந்து ஊத்த? குறி பாத்து எறியவா?"

உதவி ஆணையர் சிரித்துவிட்டார். சுடலைமுத்து சிரிக்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், எனக்கு இந்த ஆபரேசனு வேண்டாம். வெளிச்சம் தெரியுது, அது போதும். இவள இப்படி ஆபீசு ஆபீசா அலைய விடாதீங்க."

"சும்மா இரும்" என்றார் பேச்சியம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. முந்தானையை அவர் கையிலிருந்து இழுத்து, மறுபடி அவர் கையிலேயே திணித்தார்.

கட்டிடத்துக்குப் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பொறியாளர் வெளிச்சுவர் பக்கம் போய் அந்த அறையின் ஜன்னலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க வாங்க. இந்த ஜன்னலுக்கு மேல ஏற்கெனவே லிண்டல் இருக்கு. கதவு அகலமும் இருக்கு. கீழே இருக்கிற சுவரை மட்டும் எடுத்தாப் போதும். பராமரிப்புச் செலவுலயே முடிச்சுரலாம், டெண்டர் வேண்டாம்."

"இதைப் புதன்கிழமையே சொல்லியிருக்கலாமில்ல?"

"புதன்கிழமை வரைபடத்தைத்தான் சார் பாத்தேன். வரைபடத்துல இந்த ஜன்னல் இல்ல."

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஜன்னலை எடுத்துவிட்டுத் தகரக் கதவு போட்டார்கள். கூடத்துப் பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சங்கச் செயலாளர் கேட்டதற்காக வெளியே ஒரு விளக்கும் போட்டோம். டாக்டரிடம் இடத்தைச் சொன்னேன், தேதி கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சியம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அறையிலேயே இருந்தார். நான் போகும்போதெல்லாம் சோப்பு தீர்ந்திருக்கும்.

கட்டு அவிழ்த்த அன்று நானும் இருந்தேன். சுடலைமுத்து முதலில் என் சட்டையைப் பார்த்து, "பச்சை" என்றார். சரிதான். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, முடி பூரா நரைச்சுட்டே."

"அது ஆச்சு ரெண்டு வருசம். சொல்லுவானேன்னு இருந்தேன்" என்றார் பேச்சியம்மாள்.

கோப்பில் அது ஒரு வெற்றி. நிர்மலா மேடம் கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே போட்டார். அந்த அறைக்கு அடுத்த தம்பதி ஏற்கெனவே காத்திருந்தார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், அவர் மனைவிக்குப் பக்கவாதம். டாக்டர் போகலாம் என்று சொன்னதும் பேச்சியம்மாள் மூட்டையைக் கட்டினார். திங்கட்கிழமை காலை இருவரையும் கம்பெனியில் விட நானும் போனேன்.

முதலாளி வெளியே வந்து நின்றார். "வேலைக்கு வாங்கக்கா, இன்னைக்கே வாங்க. படுக்கறதுக்குத்தான் இனி எடமில்லீங்க. ஒரு மாசம் ராத்திரி ஆளில்லாம எப்படிங்க விடறது? ஒடிசாக்காரங்க நாலு பேரு கேட்டாங்க, கொடுத்துட்டேன். இனி அவங்களைப் போன்னு சொல்றது நல்லா இருக்குங்களா?"

நல்லா இருக்காதுதான். கட்டிங் மேசைக்கு அடியில் நான்கு பாய்கள் சுருட்டி வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

கண், கதவு, விதி, விளக்கு என்று எங்கள் கூட்டங்களில் எல்லாவற்றையும் பேசினோம். அவர்கள் விட்டுவிட்டு வருகிற இடம் என்ன ஆகும் என்பதை யாரும் பேசவில்லை. பேச்சியம்மாள் புதன்கிழமை வந்திருந்தால் ஒருவேளை அவரே கேட்டிருப்பார். அதன் பிறகு எங்கள் சேர்க்கைப் படிவத்தில் மேடம் ஒரு வரி சேர்த்தார்: இப்போது படுக்கும் இடத்தைத் திரும்பி வரும்வரை யார் பிடித்து வைத்திருப்பார்கள்? உங்கள் செயலியில் அந்த வரி இல்லை. வாயால் கேளுங்கள். முதலாளியையும் பார்த்துப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் சொன்னால் கேட்கிறவர்கள்தான்.

ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்புகிற வாரம் அவர்களைப் போய்ப் பார்த்தேன். மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பார்வை வந்ததும் சுடலைமுத்து ஒரு கம்பெனியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். காலையில் போனால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். அன்று உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார்.

"ராத்திரி நான் படுத்திருக்கேன், பகல்ல அவரு படுத்திருக்காரு. ஒரு பாயி போதும்" என்றார்.

"சேந்து இருக்கோணும்னுதானே அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"அது கண்ணு தெரியாதப்போ. இப்ப என்னத்துக்கு?" என்றார். பிறகு கணவர் தூங்கும் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல செருப்புக் கெடந்தா ஆளு வந்துட்டாருன்னு தெரியும். அது போதும்லா."

இந்த வீட்டுக்கு வர எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டேன். ஆபரேஷன் இலவசம், மருந்து இலவசம், கதவு ஆபீஸ் வைத்தது என்று அதையெல்லாம் முதலில் ஒதுக்கிவிட்டார். பிறகு விரல் விட்டு எண்ணினார். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, ஒரு மாதம் வேலைக்குப் போகாததால் போன கூலி, அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு பூட்டு. கட்டிங் மேசைக்கு அடியில் இவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.